ஒரே விறகில் வெப்பமும் மின்சாரமும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகள் இன்று இரு முனைகளில் நெருக்கடியை எதிர்நோக்குகின்றன. ஒன்று விறகு, மற்றையது மின்சாரம். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது, ஜெனரேட்டர்களுக்கு டீசலும் கிடைக்காத நிலையில், பறித்த கொழுந்தை என்ன செய்வதென்ற கேள்வி தோட்டங்களெங்கும் எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டது. பின்னர் கட்டணம் குறைக்கப்பட்ட போதிலும், அந்த அனுபவம் கற்பித்த பாடம் மறக்கப்படக் கூடியதல்ல.

ஒரு கிலோ தேயிலைத்தூள் பெறுவதற்கு நாலரைக் கிலோ அளவிலான பச்சைக் கொழுந்து தேவைப்படுகின்றது. எஞ்சிய எடை முழுவதும் நீரே. அந்த நீரை வாட்டும் தொட்டிகளிலும் உலர்த்திகளிலும் வெளியேற்றுவதற்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு எரிக்கப்படுகின்றது. காற்றாடிகளையும் உருட்டும் இயந்திரங்களையும் இயக்கச் செலவாகும் மின்சாரமோ ஓர் அலகிற்கும் குறைவானது. அதாவது, தேயிலைத் தொழிற்சாலையின் பசி பெருமளவு வெப்பத்திற்கான பசியே. மின்சாரம் அதில் சிறு பங்குதான்.

இங்குதான் சிந்திக்க வேண்டிய விடயம் இருக்கின்றது. சூளையில் எரியும் நெருப்பின் வெப்பநிலை பல நூறு பாகைகளைத் தாண்டுகின்றது. ஆனால், உலர்த்திக்குள் செல்லும் காற்றுக்கு ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் போதுமானது; கொழுந்தை வாட்டுவதற்கு அதனிலும் மிகக் குறைந்த சூடே போதும். மலையிலிருந்து பாயும் நீர் இடையில் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கீழேயுள்ள வயலுக்கும் பாயலாம். சக்கரத்தைச் சுழற்றியதால் வயலுக்குச் செல்லும் நீர் குறைந்துவிடுவதில்லை. நமது தொழிற்சாலைகளோ சக்கரம் எதுவுமின்றி நீரை நேரே வயலுக்கு விட்டுக்கொண்டிருக்கின்றன.

அந்தச் சக்கரத்தின் பெயரே வெப்ப, மின் கூட்டு உற்பத்தி. விறகால் பொய்லரில் உயர் அழுத்த நீராவியை உண்டாக்கி, முதலில் சிறியதொரு சுழலியை இயக்கி மின்சாரம் பெற்று, அதிலிருந்து வெளிவரும் நீராவியைக் கொண்டு உலர்த்திக்கான காற்றைச் சூடாக்குவதே அதன் முறை. அனல் மின்நிலையமொன்று எரிபொருளின் சக்தியில் மூன்றிலொரு பங்கை அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே மின்சாரமாக்குகின்றது. எஞ்சியது கடலிலும் காற்றிலும் கரைந்துபோகின்றது. கூட்டு உற்பத்தியிலோ முக்கால் பங்கிற்கும் மேலாகப் பயன்படுத்த முடியும்.

இது புதுமையானதொன்றுமல்ல. 1882 இல் நியூயோர்க்கில் எடிசன் நிறுவிய மின்நிலையமே மின்சாரத்துடன் நீராவியையும் விற்றது. குளிர்நாடுகளில் பனிச்சறுக்கு அரங்குகளின் குளிரூட்டிகளை இயக்கும் எஞ்சினின் வெப்பத்தைக் கொண்டு அயலிலுள்ள நீச்சல் தடாகத்தைச் சூடாக்குகின்றார்கள். நமது நாட்டிலும் பெல்வத்தை, செவனகலை சீனித் தொழிற்சாலைகள் கரும்புச் சக்கையை எரித்து நீராவியும் மின்சாரமும் பெறுகின்றன. கரும்பிற்கு இயன்றது கொழுந்திற்கு ஏன் இயலாது?

இடர்ப்பாடுகள் இல்லாமலில்லை. நமது தொழிற்சாலைகள் பலவற்றில் உள்ளவை நேரடியாகக் காற்றைச் சூடாக்கும் அடுப்புகளே. அவற்றுக்குப் பதிலாகப் பொய்லர் அமைக்கப் பெரும் முதலீடு தேவை. சிறிய சுழலிகளின் செயற்றிறனும் குறைவு. ஆயினும், தேவைப்படும் மின்சாரம் வெப்பத்தில் சிறு பங்கே என்பதால், அக்குறை பெரிய தடையாக அமையாது. சுழலியைக் கடந்த வெப்பம் எப்படியும் உலர்த்திக்கே சென்று சேர்கின்றது.

ஆனால், நாம் இதைவிடப் பாரதூரமான கேள்வியொன்றை எழுப்ப விரும்புகின்றோம். மின்சாரத்தையும் விறகிலிருந்தே பெறுவதானால் சற்றுக் கூடுதலான விறகு வேண்டும். அந்த விறகு எங்கிருந்து வரப்போகின்றது? கேகாலை மாவட்டத்தின் முதிர்ந்த இறப்பர் மரங்கள் நெடுங்காலமாகத் தொழிற்சாலைகளுக்கு விறகளித்து வருகின்றன. அவை போதாதபோது மலைச்சரிவுகளின் மரங்கள் வெட்டப்படுமாயின் விளைவு என்னவாகும் என்பதை, 2016 மே 17 ஆம் திகதி அரநாயக்கவில் மண்ணுக்குள் புதையுண்டு போனவர்களின் உறவினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதுமட்டுமன்றி, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு சுள்ளி பொறுக்கச் செல்லும் தாய்மார்கள் இன்றும் தோட்டங்களில் இருக்கின்றார்கள். தொழிற்சாலையின் அடுப்பு லயத்து அடுப்பின் விறகைப் பறித்துவிடக் கூடாது.

இதற்கு வழியில்லாமலில்லை. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்ததாக கிளிரிசிடியாவை நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் 2005 இலேயே பிரகடனம் செய்தது. வெட்ட வெட்டத் தளிர்ப்பதும், மண்ணுக்கு நைதரசன் சேர்ப்பதும், இலையைப் பசளையாகவும் தீனியாகவும் தருவதுமான மரம் அது. தோட்டங்களில் தரிசாகக் கிடக்கும் நிலங்களில் தொழிலாளர் குடும்பங்கள் இதனைப் பயிரிட இடமளித்து, வெட்டும் தடிகளை நியாய விலைக்குத் தொழிற்சாலை வாங்குமாயின், எரிபொருளுக்குச் செலவாகும் பணம் தோட்டத்துக்குள்ளேயே தங்கும். விறகு எஞ்சினால் அவர்களது அடுப்பும் எரியும்.

ஆகவே, நிலைபெறுதகு வலு அதிகாரசபையும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் கைகோத்து, சப்ரகமுவவில் ஒரு தொழிற்சாலையையாவது முன்மாதிரியாகத் தெரிவுசெய்ய வேண்டும். முதலில் செய்ய வேண்டியது சுழலி வாங்குவதல்ல. ஈர விறகை உலர்த்தி எரிப்பதும், வெப்பக் கசிவைத் தடுப்பதும், விறகுத் தோட்டத்தை நாட்டுவதுமாகும். கம்பனிகள் கணக்குப் பார்க்கும்போது தொழிற்சங்கங்களும் அந்த மேசையில் அமர்ந்திருக்க வேண்டும். மரத்தை நடுபவரும் வெட்டுபவரும் சுமப்பவரும் தொழிலாளியாக இருக்க, வெளிச்சம் மட்டும் தொழிற்சாலையோடு நின்றுவிடுமாயின், அது எவ்வளவு சிறந்த தொழில்நுட்பமாயினும் மலையகத்திற்குப் பயனற்றதே.