பல்லாவரத்துக் கல்லும் ஸ்ரீபுரந்தான் நடராஜரும்

வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பல்லாவரம் சந்தையில் கிடைக்காத பழசு குறைவு. சாக்கு விரிப்பில் செல்லாக்காசு, பித்தளை விளக்கு, ஓடாத கடிகாரம். விலை பேசத்தான் கூட்டம். எந்த ஊர், யார் வீட்டுச் சாமான் என்று கேட்பவர் அபூர்வம். கேட்டாலும், பல கை மாறி வந்ததைப் பற்றிக் கடைக்காரர் என்ன சொல்வார்?

இதே பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பாறைகளை ஆராய்வதுதான் அவர் உத்தியோகம். சரளை மண்ணில் கிடந்த அந்தக் கல்லோ பழங்கற்கால மனிதர் செதுக்கிய கருவி. செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் போனார், அங்கும் கருவிகள். அதற்குப் பின் போன இடமெல்லாம் பொறுக்கிச் சேர்த்தார். 1904-இல் அந்தச் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது.

ஆக, எழும்பூரிலுள்ள அந்த அருங்காட்சியகத்தின் கற்காலச் சேகரிப்பில் பெரும்பகுதி எந்தக் குழுவும் திட்டமிட்டு உருவாக்கியதல்ல. ஒரு மனிதர் வேலை நிமித்தம் நடந்த தடம் அது. பெல்லாரிப் பக்கம் அவருக்கு ஆய்வு வேலை அதிகம். அந்த வட்டாரப் பொருள்களும் அதில் அதிகம். ஆனால் எது எங்கே கிடைத்தது என்று எழுதி வைத்தார். 1912-இல் அவர் இறந்த பிறகு வெளியான பட்டியலில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள், ஊர்ப் பெயரோடு. அந்த ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் அவை ஜல்லிதான்.

சிலை வியாபாரத்தில் முதலில் அழிக்கப்படுவதும் இந்த ஊர்ப் பெயரே. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன சோழர் கால நடராஜரை, நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் 2008-இல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம். தொல்பொருள் சட்டம் வந்த 1972-க்கு முன்பே இந்தியாவைவிட்டுப் போன சிலை என்று காகிதங்கள் சொல்லின. அத்தனையும் போலி. கோயிலுக்குள் சிலை இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்திருந்த புகைப்படம் அதைக் காட்டிக்கொடுத்தது. 2014-இல் நடராஜர் திரும்பினார்; 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. பெரிய அருங்காட்சியகம் ஏமாந்தது என்பதைவிட, ஆசைப்பட்ட பொருளைப் பற்றி அதிகம் துருவ விரும்பவில்லை என்பதே பொருத்தம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் வழி வேறு. டெபோரா தியாகராஜன் தொடங்கிய சென்னை கைவினை அறக்கட்டளை, இடிபடவிருந்த பழைய வீடுகளை வாங்கி, தூணும் உத்தரமுமாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியது. செட்டிநாட்டு வீடு அங்கே செட்டிநாட்டு வீடாகவே நிற்கிறது.