பனிக்காலமும் எங்கள் சின்னப் பிள்ளைகளும்

"பனி பட்டால் தடிமன் பிடிக்கும்" என்று ஊரில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மார்கழிப் பனிக்கே தலையை மூடிய எமக்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் வெண்பனி கொட்டும் மொன்றியலில் பிள்ளைகளை வெளியே விடப் பயம் வருவது இயல்பே.

ஆனால் தடிமனைத் தருவது வைரஸ் கிருமி. பூட்டிய அறையில் பலர் நெருங்கியிருக்கும்போது அது இலகுவாகத் தொற்றும்.

ஆகவே நாள்தோறும் சிறிது நேரமாவது பிள்ளைகளை வெளியே விளையாட விடுவோம். மெல்லிய உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவிப்போம். தொப்பி, கையுறை, நீர் புகாத சப்பாத்து அவசியம். நனைந்த கையுறையை உடனே மாற்றவேண்டும். வெப்பநிலை -25 பாகைக்குக் கீழே போனாலோ, காற்றுடன் சேர்ந்த குளிர் -28 ஐத் தொட்டாலோ வீட்டிலேயே வைத்திருங்கள் என்கிறது கனடியக் குழந்தை மருத்துவர் சங்கம்.

மாரிகால வெயிலில் விற்றமின் டி போதியளவு கிடைக்காது. எம் போன்ற கருமையான தோலுக்கு இன்னும் குறைவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு சொட்டுமருந்து தேவை.

காய்ச்சல், இருமல் பற்றிச் சந்தேகமா? கியூபெக்கில் 811ஐ அழைத்தால், இரவோ பகலோ, தாதி ஒருவரிடம் ஆலோசனை கேட்கலாம்.