நம்மைக் காணாத வைத்தியர்

மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் நம் சகோதரிகள் முதலில் கேட்பது, "பொம்பிளை டொக்டர் இருக்கிறாவா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அது புற்றுநோயா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறவர் பெரும்பாலும் நம்மைக் காண்பதேயில்லை. அவர் நோயியல் வைத்திய நிபுணர். வெட்டியெடுத்த சதைத் துண்டு போமலின் போத்தலில் அவரது ஆய்வுகூடத்துக்குப் போகிறது. அங்கே அதை மெழுகில் பதித்து, கடதாசியிலும் மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைக்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்து அவர் முடிவெழுதுகிறார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதியவர் யார், என்ன படித்தவர் என்பதை மட்டும் கேட்டே ஆகவேண்டும்.

கதிரவெளியில் பஸ் ஏறும் பெண்ணுக்கும், வெருகலுக்கு அப்பால் மூதூர், தோப்பூரிலிருந்து வரும் சகோதரிக்கும் ஒரே பாதைதான். வாகரை, ஓட்டமாவடி, வாழைச்சேனை, ஏறாவூர் எல்லாம் கடந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. ஒரு நாள் கூலியும் பிள்ளைகளின் சாப்பாடும் அதோடு போய்விடும். அந்த அலைச்சலுக்குப் பயந்து, பக்கத்தில் எங்காவது கட்டியை எடுத்துவிட்டு, "சின்னக் கொழுப்புக் கட்டிதான்" என்ற சொல்லோடு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. எடுத்த கட்டி சோதனைக்குப் போகாமல் குப்பைக்குப் போனால், பிறகு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. கத்தி வைக்குமுன்பே, "இதைப் பயோப்ஸிக்கு அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவல்ல.

சீனி, இரத்தச் சோதனை அறிக்கைகளில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒப்பமிடுவது வழக்கம்; அது சரியே. பயோப்ஸி அறிக்கையில் நிபுணரின் பெயரும் ஒப்பமும் இருக்கவேண்டும். டொக்டர் என்றால் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்திருப்பார். நிபுணர் என்றால் அதற்கு மேல், 1980இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் அந்தத் துறையிலே எம்.டி. முடித்துச் சான்று பெற்றிருப்பார். பதிவை மருத்துவச் சபையில் விசாரிக்கலாம். வீட்டில் கைத்தொலைபேசியோடு இருக்கும் மகன் சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடித் தருவான். அவனுக்கும் ஒரு நல்ல வேலை! தனியார் ஆய்வுகூடங்களும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு பெறவேண்டும். மாதிரி சேகரிக்கும் கடையாக இருந்தால், "இது எங்கே போகிறது, யார் பார்க்கிறார்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனிப் பணம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனை இலவசம். தனியாரிடம் போவதானால், காப்புறுதி தரும் என்று நம்பிப் போகாதீர்கள். வார்ட்டில் தங்கினால்தான் பல காப்புறுதிகள் பணம் கொடுக்கும். வெளியே செய்த சோதனைக்குக் கிடைக்காமல் போகலாம். கணவர் அரச ஊழியரென்றால் அக்ரஹார. சிலர் தகாஃபுல் எடுத்திருப்பார்கள். எதுவானாலும் ஆய்வுகூடத்தாரின் வாய்வார்த்தை போதாது. காப்புறுதி இலக்கத்தைச் சொல்லி அந்த அலுவலகத்திலேயே முதலில் கேளுங்கள். டொக்டரின் துண்டு, அசல் பற்றுச்சீட்டு, அறிக்கையின் பிரதி மூன்றும் கையிலிருக்கட்டும். இன்னொன்று: கட்டி இருப்பதை மறைத்துக் காப்புறுதிப் படிவம் நிரப்பினால் பணமும் வராது, அமானிதமும் கெடும்.

அறிக்கையில் ஐயமிருந்தால் மறுபடி வெட்டத் தேவையில்லை. மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வுகூடம் பத்திரமாக வைத்திருக்கும். உங்கள் டொக்டரின் கடிதத்தோடு கேட்டு வாங்கி, வேறொரு நிபுணரிடம் காட்டலாம்.