கண்ணிவெடி வயலில் முதல் கை

ஆட்களைக் கொல்லும் நிலக்கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தின் வாசகம் 1997 செப்டெம்பரில் இங்கே ஒஸ்லோவில்தான் ஏற்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே புதைந்து கிடக்கும் வெடிக்கு ஒப்பந்தம் தெரியுமா?

அதே ஆண்டில், வடக்கே திரொம்சோவைச் சேர்ந்த ஹான்ஸ் ஹூசும், மட்ஸ் கில்பெர்ட் முதலான மருத்துவர்கள் தாய்லாந்து எல்லையோரக் கம்போடியாவிலும் வட ஈராக்கிலும் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே காயப்பட்டவர் மருத்துவமனைக்குப் போய்ச் சேரச் சராசரியாக ஆறு மணி நேரம் பிடித்தது. அது எவ்வளவு நீண்ட நேரம் என்று போர்க்கால வன்னியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே சிகிச்சையையே ஊருக்குள் கொண்டுபோனார்கள். 135 உள்ளூர் மருத்துவ உதவியாளர்களும், அவர்கள் வரும்வரை காயக்காரரைப் பார்த்துக்கொள்ள 5,200 ஊர்மக்களும் பயிற்சி பெற்றார்கள். மூச்சுப் பாதையை அடைபடாமல் வைத்திரு. காயத்துக்குள் துணியைத் திணித்து, இறுக அழுத்திக் கட்டு. உடம்பைக் குளிரவிடாதே, குளிர்ந்தால் இரத்தம் சரியாக உறையாது. முக்கியப் பாடம் இவ்வளவுதான், அதுவும் ஊர்மொழியில்.

2001 வரையான காலத்தில், காயப்பட்டோரில் நூற்றுக்கு 40 ஆக இருந்த இறப்பு சுமார் 15 ஆகக் குறைந்தது. ஹெலிகொப்டர் ஒன்றுகூட வாங்காமல்!