விமானந்தாங்கிக் கப்பலில் இழுவை டிராக்டர்

விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் விமானங்களை இழுத்து இடம் மாற்றப் பயன்படும் சிறிய, கனமான வண்டியே இழுவை டிராக்டர் ஆகும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை இவ்வண்டிகளைப் பெரிதும் நம்பியிருந்தது. உழவுக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், தொழிற்சாலை வண்டிகள் செய்த கிளார்க் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரித்தன. கிளார்க் நிறுவனத்தின் வண்டிக்கு 'கிளார்க்டார்' என்று பெயர்.

ஏன் தேவைப்பட்டது?

அக்காலக் கப்பல்களில் விமானங்கள் பின்பக்கமாக வந்து இறங்கின. இறங்கியவற்றை உடனே முன்பக்கம் நகர்த்தி நிறுத்தினால்தான் அடுத்த விமானம் இறங்க முடியும். மீண்டும் புறப்படும்போது எதிரே ஓடுவதற்கு நீண்ட வெற்றிடம் வேண்டும். ஆகவே முன்னால் நிற்பவை அனைத்தையும் பின்பக்கம் கொண்டுபோய் அடுக்க வேண்டும். ஒரு பெரிய கப்பலில் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் இருந்தன.

இவ்வேலை தாமதமானால், எரிபொருள் தீரும் நிலையில் வானில் வட்டமிடும் விமானி இறங்க இடமின்றிக் கடலில் விழ நேரிடும். தொடக்கத்தில் மாலுமிகள் கூட்டமாகக் கூடி விமானங்களைக் கையால் தள்ளினர். விமானங்களின் எடை கூடக்கூட டிராக்டர் இன்றியமையாததாயிற்று. ஆயினும் நெருக்கடியான இடங்களில் கையால் தள்ளுவது போர் முடியும்வரை தொடர்ந்தது.

எடை ஏன் அதிகம்?

குண்டும் எரிபொருளும் ஏற்றிய அவெஞ்சர் விமானம் ஏறத்தாழ 7 டன் இருக்கும். சமதளத்தில் அதை உருட்ட, எடையில் 2 விழுக்காடு, அதாவது 140 கிலோ இழுவிசை போதும் என்று கொள்வோம். ஆனால் கடலில் கப்பல் ஆடும். தளம் 3 பாகை சாய்ந்தாலே, மேட்டுப்பக்கம் இழுக்கக் கூடுதலாக ஏறத்தாழ 365 கிலோ விசை வேண்டும். இரண்டும் சேர்ந்து 500 கிலோவைத் தாண்டுகிறது.

இவ்விசையைத் தளத்துக்குக் கடத்துவது சக்கரத்தின் உராய்வு. ஈரமான மரத்தளத்தில் உராய்வுக் கெழு 0.3 எனில், டிராக்டரின் இயக்கு சக்கரங்கள் மீது சுமார் 1,700 கிலோ எடை அழுத்த வேண்டும். வண்டி இலேசாக இருந்தால், எஞ்சின் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். இதனால்தான் அளவில் சிறிய இவ்வண்டிகளைக் கனமான இரும்பு உடலோடு செய்தார்கள். விமானங்களுக்கு இடையே புகுந்து திரும்ப வேண்டியிருந்ததால் உயரமும் நீளமும் குறைவாக வைக்கப்பட்டன.

கடலடியில் ஒரு சான்று

1942 ஏப்ரல் 18 அன்று 16 குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானைத் தாக்கப் புறப்பட்ட கப்பல் ஹார்னெட். அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று சாண்டா குரூஸ் தீவுகள் போரில் அது கடுமையாகத் தாக்கப்பட்டு, மறுநாள் அதிகாலை மூழ்கியது. 2019 ஜனவரியில் பெட்ரல் ஆய்வுக்கப்பல் அதன் சிதைவைச் சாலமன் தீவுகளுக்கு அருகே, 5,300 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கண்டுபிடித்தது. அங்கே பீரங்கிகளோடும் விமானத்தோடும் ஓர் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டரும் காணப்பட்டது.

போர் வரலாறுகள் விமானிகளையும் தளபதிகளையும் பெயர் சொல்லி நினைவுகூர்கின்றன. அவர்களின் விமானங்களை உரிய நேரத்தில் உரிய இடத்தில் நிறுத்திய தளப் பணியாளர்கள் அந்த வரலாறுகளில் அரிதாகவே இடம்பெறுகிறார்கள். அவர்களின் உழைப்புக்கு, கடலடியில் கிடக்கும் அந்த டிராக்டர் ஒரு சான்று.