சுமக்கும் வீடா, இழுக்கும் வீடா?

திருவானைக்காவலிலிருந்து குடும்பத்தோடு பல நாள் பயணம் புறப்படுவோர் படுக்கையையும் அடுப்பையும் உடன் கொண்டுசெல்ல விரும்பினால், அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பிக்கப் வண்டியின் பின்தளத்தின் மேலேயே ஓர் அறையைப் பொருத்திக்கொள்வது டிரக் கேம்பர் எனப்படும். தனிச் சக்கரங்கள் கொண்ட அறையைக் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்வது டிராவல் டிரெய்லர் எனப்படும்.

டிரெய்லரின் தனிச்சிறப்பு, தங்குமிடத்தில் அதைக் கழற்றி நிறுத்திவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்வரலாம் என்பதாகும். வைகுண்ட ஏகாதசி நெரிசலில் ஸ்ரீரங்கத்து வீதிகளைக் கண்டவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். ஆயினும் அந்த இடம்வரை அதை ஓட்டிவருவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பின்னுக்கு எடுக்கும்போது டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகவேண்டுமானால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கவேண்டும். சற்று மிகையாக ஒடித்தால் காரும் டிரெய்லரும் மடங்கி ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் அழுந்துமாறு சாமான்களை அடுக்காவிட்டால், வேகத்தில் அது வாலாட்டத் தொடங்கும். வளைவில் டிரெய்லரின் சக்கரங்கள் காரின் தடத்தைவிட உட்புறமாக வெட்டிச் செல்வதால், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதைக்கு அதை இழுத்துச் செல்ல நினைப்பது அறிவுடைமை ஆகாது.

அத்தகைய சாலைக்கு டிரக் கேம்பரே ஏற்றது. 2022இல் மஹிந்திரா நிறுவனமும், சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரி நிறுவனமும் இணைந்து, பொலேரோ கேம்பர் கோல்டு வண்டியின் மேல் நால்வர் உண்டு உறங்கும் அறையை அமைக்கும் திட்டத்தை அறிவித்தன. இதிலும் எடைக்கணக்கு முக்கியம்: 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ ஆகும், உயரத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். பாடி கட்டும் பட்டறைகள் கரூரிலும் நாமக்கல்லிலும் நிறைய இருக்கின்றன என்பதற்காக, ஏற்கெனவே பதிவான பிக்கப்பை விருப்பம்போல் மாற்றிவிடவும் முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. டிரெய்லருக்கோ தனிப்பதிவே தேவை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, வண்டியை இரவில் எங்கே நிறுத்துவது என்பது. மின்சாரமும் குடிநீரும், கழிவுத்தொட்டியைக் காலிசெய்யும் வசதியும் கொண்ட இடமே கேரவன் பூங்கா. 2021இல் தனிக்கொள்கை வகுத்த கேரளம், மறு ஆண்டே வாகமண்ணில் ஒன்றைத் திறந்தது. தமிழ்நாட்டில் இவை அரிதாக இருக்கும்வரை டிரெய்லரின் பெருஞ்சிறப்பு பயனின்றிப் போகிறது; ஆகவே இங்குள்ள குடும்பத்துக்கு இப்போதைக்கு டிரக் கேம்பரே பொருந்தும். ஆனால் அதன் கழிவுத்தொட்டியும் நிரம்பவே செய்யும். நீர்த்தலமாகிய திருவானைக்காவலுக்கு வருகிற வண்டி அதைக் கொள்ளிடக் கரையில் திறந்துவிட எந்நிலையிலும் இடமளிக்கக் கூடாது. யாத்திரிகர் வண்டிகள் நிற்கும் திடல்களில் கழிவேற்கும் தொட்டி ஒன்றைக் கட்டுவதை உள்ளாட்சி அமைப்புகள் முதல் வேலையாகக் கொள்ளவேண்டும்.