"கேட்கிறது மட்டும்தானே, சேர்?"

நோன்பு தொடங்குவதற்கு முந்திய வாரத்தில் எங்கள் பக்கத்து போன் கடைகளில் நல்ல கூட்டம் இருக்கும். பென்டிரைவைக் கொடுத்தால் இஸ்லாமியப் பாடல்களை நிரப்பித் தருவார்கள். நாகூர் ஈ.எம். ஹனீபாவின் பழைய பாடல்கள் முதல் போன மாதம் வந்த அரபு நஷீத் வரை எல்லாம் அதில் உண்டு. கடைக்காரருக்குக் காசு கிடைக்கிறது. எழுதியவருக்கும் பாடியவருக்கும் ஒரு சதமும் போவதில்லை.

இதை வகுப்பில் பேசினால் பிள்ளைகள் உடனே கேட்பார்கள்: "நாங்க களவெடுக்கல்லயே சேர், கேட்கிறது மட்டும்தானே?" ஏசி அடக்கிவிடுகிற கேள்வியல்ல இது. சைக்கிளைத் திருடினால் உரியவரிடம் சைக்கிள் இல்லை. பாட்டைப் பிரதி எடுத்தாலோ பாட்டு அவரிடமே இருக்கிறது. அப்படியானால் அவர் எதை இழந்தார்?

அவர் இழந்தது கூலியை. எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இரண்டு வருடம் உழைத்து சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை வாங்கியது, மற்றவர்கள் போட்டோ கொப்பி அடித்துக்கொண்டார்கள். புத்தகம் அவர் வீட்டில் கட்டுக் கட்டாக அப்படியே கிடந்தது. அச்சகத்துக்குக் கட்ட வேண்டிய கடனும் கிடந்தது.

நமது நாட்டுச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு பாட்டில் பல பேருடைய உரிமை இருக்கிறது. வரிகளை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள உரிமை அவர்களுடைய வாழ்நாளும் மௌத்துக்குப் பின் 70 வருடங்களும் நீடிக்கும். பாடியவருக்கும் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் தனித்தனியாக 50 வருட உரிமை உண்டு. முறையாக வாங்கிய பிரதியிலிருந்து சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பென்டிரைவ் நிரப்பி விற்பதற்கு இடமில்லை. அதற்கு 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ, 6 மாதச் சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் சட்டம் தேடிப் பிடிப்பது பெரும்பாலும் பிரதி எடுப்பவரையும் விற்பவரையும்தான். வீட்டில் இருந்து கேட்பவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை.

பிள்ளைகளின் கேள்வி அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. பொலிஸ் வராவிட்டால் ஹக்கு இல்லாமல் போகுமா?

அறிவையும் ஆக்கத்தையும் விற்கலாமா என்று முன்னைய ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. அறிவை அடைத்து வைக்கக் கூடாது என்பது ஒரு சாராரின் வாதம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி ஒரு தீர்மானம் எடுத்தது. வர்த்தகப் பெயர், நூலாக்கம், கண்டுபிடிப்பு போன்றவை இன்றைய வழக்கில் பெறுமதியுள்ள சொத்துக்கள், அவற்றின் மீதான உரிமையை ஷரீஆ ஏற்கிறது, அதை மீறக் கூடாது என்பதே அதன் சாரம். சொத்து என்று ஏற்றுக்கொண்டால் விசயம் ஹுகூகுல் இபாதுக்குள், மனிதருக்கு மனிதர் செலுத்த வேண்டிய கடமைக்குள் வந்துவிடுகிறது. அங்கே தவ்பா மட்டும் போதாது. உரியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது உரியவரிடம் பொருத்தம் கேட்க வேண்டும். யாரென்றே தெரியாத ஒரு பாடகரிடம் எங்கே போய்ப் பொருத்தம் கேட்பது?

இன்னொரு பதிலையும் அடிக்கடி கேட்கிறேன், பெரியவர்களிடமிருந்தும்: "மியூசிக்கே ஹராம், அதுக்கென்ன உரிமை?" இசைக்கருவி பற்றிய சர்ச்சைக்குள் நான் போகவில்லை. ஹராம் என்று நம்புகிறவர் கேட்காமல் இருக்க வேண்டும். ஹராம் என்று சொல்லிக்கொண்டே கேட்பதும், அதையே காசு கொடுக்காததற்குக் காரணமாகக் காட்டுவதும் எனக்கு விளங்கவில்லை. இசைக்கருவி இல்லாத நஷீதையும் இதே பென்டிரைவில்தானே நிரப்புகிறோம்?

காசு கொடுத்துக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஸ்பொடிபை 2021இல் இலங்கைக்கு வந்தது. 2024 முதல் அதில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் பணம் சேரும். நம்மூர்ப் பாடகர்களில் எத்தனை பேர் அந்த எல்லையைத் தாண்டுவார்கள்? யூடியூபில் பாடகரின் சொந்தச் சனல் ஒன்று இருக்கும், அதே பாட்டை எடுத்துப் போட்ட வேறு பத்துச் சனல்களும் இருக்கும். அந்தப் பத்தில் விளம்பரம் ஓடினால் வருமானம் பொதுவாக எடுத்துப் போட்டவருக்குத்தான். திருட்டுப் பிரதியைத் தானாகவே பிடித்துக் கொடுக்கும் வசதியை யூடியூப் பெரிய நிறுவனங்களுக்கே பெரும்பாலும் தருகிறது. சின்னவர் ஒவ்வொன்றாக முறைப்பாடு எழுத வேண்டும். அதனால் இலவசமாகக் கேட்பதென்றாலும் பாடகரின் சனலில் கேட்பதற்கும் மற்றதில் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தேடி எடுக்க அரை நிமிடம் போகும், அவ்வளவுதான்.

எங்குமே விற்பனையில் இல்லாத பழைய கசட்டை என்ன செய்வது? வாப்பா வாங்கி வைத்ததை, அது பூஞ்சணம் பிடித்துப் போகுமுன் வீட்டுக்கென்று ஒரு பிரதி எடுத்து வைப்பதில் நான் குற்றம் காணவில்லை. யாருடைய வியாபாரமும் அதனால் கெடவில்லை. அதையே எங்காவது போட்டு விளம்பரக் காசு எடுப்பது வேறு கதை.

பணத்தோடு சம்பந்தமில்லாத உரிமை ஒன்றும் உண்டு. ஆக்கியவரின் பெயரைச் சொல்வது. அதையும் அதே சட்டம் பாதுகாக்கிறது. பழைய கசட் உறைகளில் பாடலாசிரியரின் பெயரையும் அச்சிடுவார்கள். பென்டிரைவில் ஏறும்போது முதலில் காணாமல் போவது அந்தப் பெயர்தான். மீலாத் விழாவுக்குப் பிள்ளைகளைப் பாட வைக்கும்போது இப்போது நான் ஒரு வேலை கொடுக்கிறேன்: எழுதியவர் யார் என்று தேடிக்கொண்டு வாருங்கள், மேடையில் அறிவிக்க வேண்டும். பாதிப் பேர் பாடியவரின் பெயரோடு வருகிறார்கள். மீதிப் பேரிடம் 'ட்ராக் 07' என்று மட்டும் இருக்கிறது.